சந்தா கட்டுபவரும் ரிமோட் பிடிப்பவரும்

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுக் கூடத்தில் 32 அங்குலத் தொலைக்காட்சி ஒன்று இருக்கிறது. அதைப் பார்க்க அத்தை, மாமா, நான், கணவர், பத்தாம் வகுப்புப் படிக்கும் மகள், ஐந்தாம் வகுப்புப் படிக்கும் மகன் என்று ஆறு பேர் இருக்கிறோம். இந்த ஒற்றைத் திரைக்காகக் கேபிள் கட்டணம் போக ஐந்து ஓடிடி சந்தாக்களைக் கட்டிக்கொண்டிருந்தோம் என்பது, 2025 கோடை விடுமுறையில் வங்கிக் கணக்கை வரிவரியாகப் பார்க்க உட்கார்ந்தபோதுதான் எனக்கே உறைத்தது. பணம் கட்டியது நான். எதை எடுப்பது என்று முடிவு செய்ததும் நான்தான். எந்த ஓடிடி எடுக்கலாம் என்று உடன் வேலை பார்ப்பவர்கள் அவ்வப்போது என்னிடம் கேட்பதால், ஓராண்டு பட்டுத் தெரிந்துகொண்டதை இங்கே எழுதிவைக்கிறேன். என் கருத்து இதுதான்: ஒரு குடும்பத்தில் சந்தாவைத் தேர்ந்தெடுக்க ஆகத் தகுதி குறைந்தவர், அதற்குப் பணம் கட்டுகிறவர். அவர் தனக்குப் பிடித்ததாகப் பார்த்து எடுக்கிறார், ஆனால் உட்கார்ந்து பார்க்க அவருக்குத்தான் நேரம் இருப்பதில்லை.

இதைக் கண்டுபிடித்துக் கொடுத்தவர் மாமா. அஞ்சல் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என்பதால் எதையும் எழுதிவைக்கும் பழக்கம் அவருக்கு உண்டு. தினக்காட்டியில் காலையில் கிழிக்கும் தாளைத் தூக்கி எறியாமல் கிளிப்பில் மாட்டிவைத்து, பால் கணக்கையும் இஸ்திரிக் கணக்கையும் அதன் பின்பக்கத்தில் எழுதுவார். நான் ஐந்து சந்தா என்று புலம்பிய அன்று முதல், யார், எதில், எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதையும் அதே தாள்களில் பென்சிலால் குறிக்கத் தொடங்கினார். ஒரு மாதம் கழித்து முப்பது தாள்களையும் சாப்பாட்டு மேசையில் பரப்பிவைத்துவிட்டு, "ஏம்மா, அஞ்சு கடைக்குத் துட்டு கட்டுதோம், ஒரு கடையிலயும் ஒழுங்கா சாமான் வாங்கலியே" என்றார். தாள்களில் என் பெயர் இருந்தது மூன்றே நாட்கள். அந்த மூன்றில் ஒரு நாள் 'பாதியில் தூங்கியாச்சு' என்றும் குறித்திருந்தார்.

மிகுதியும் இருந்த பெயர் அத்தையுடையது. மாலை விளக்கேற்றிய பிறகு இரவுச் சாப்பாடு வரை அவர் பார்ப்பவை சன் டிவித் தொடர்கள். ஆனால் நான் எடுத்து வைத்திருந்த ஐந்தில் சன் நெக்ஸ்ட் இல்லை. ஆங்கில ஆவணப்படங்களுக்காக ஒன்று இருந்தது, மலையாளப் படங்களுக்காக ஒன்று இருந்தது, வீட்டில் அதிக நேரம் தொலைக்காட்சி பார்க்கும் மனிதருக்காக ஒன்றுமே இல்லை. கேபிளில்தான் எல்லாம் வருகிறதே, அவருக்கு எதற்கு ஓடிடி என்று அலட்சியமாக இருந்திருக்கிறேன். கோயிலுக்குப் போய்த் தாமதமாகத் திரும்பிய நாளிலும், மின்சாரம் போன நாளிலும், விருந்தாளி வந்த நாளிலும் விட்டுப்போன பகுதியின் கதையை அவர் பக்கத்து வீட்டு அக்காவிடம் போய்க் கேட்டு வந்துகொண்டிருந்தார் என்பதும் மாமாவின் தாளில்தான் தெரிந்தது.

தமிழ்க் குடும்பங்களின் சிக்கலும் இந்த இடத்தில்தான் இருக்கிறது. தொடர்களைப் பொறுத்தவரை ஓடிடி என்பது தொலைக்காட்சி நிறுவனத்தின் பின்வாசல். சன் தொலைக்காட்சித் தொடர் வேண்டுமென்றால் 2017இல் தொடங்கிய சன் நெக்ஸ்ட்டுக்குப் போக வேண்டும். விஜய் தொலைக்காட்சித் தொடர் வேண்டுமென்றால் ஜியோ ஹாட்ஸ்டார். ஜீ தமிழ் என்றால் ஜீ 5. மூன்றையும் ஒரே இடத்தில் எளிதாகத் தருவது இன்றைக்கும் கேபிளும் டிடிஎச்சும்தான். ஆகவே கேபிளை வெட்டிவிட்டு முழுக்க ஓடிடிக்கு மாறப்போகிறேன் என்று சொல்பவர்கள், முதலில் வீட்டுப் பெரியவர்கள் எந்தச் சேனலில் எந்தத் தொடர் பார்க்கிறார்கள் என்று விசாரித்துக்கொள்வது நல்லது. எங்கள் அத்தை ஒரே சேனலோடு நின்றுவிடுகிறவர் என்பதால் எனக்கு வேலை எளிதாக முடிந்தது. மூன்று சேனல்களிலும் கால் வைத்திருக்கும் அத்தைகள் இருக்கும் வீட்டில் கேபிளை வைத்துக்கொண்டு ஓடிடியைக் குறைப்பதே கட்டுப்படியாகும்.

மாமாவின் தேவை வேறு. அவருக்கு இடக்காது சரியாகக் கேட்காது. ஒலியைக் கூட்டினால் மகள் படிக்க முடியாது, குறைத்தால் அவருக்கு வசனம் புரியாது. திரையின் அடியில் எழுத்து ஓடினால் போதும் என்று, ஒரு தமிழ்ப் படத்தைப் போட்டுவிட்டு வசன வரிகளுக்கான பட்டியலைத் திறந்தால், அதில் ஆங்கிலம் மட்டும் இருந்தது. இன்னொரு படம், இன்னொரு ஓடிடி, அங்கும் ஆங்கிலம்தான். ஆங்கிலம் தெரியாத மனிதர் இல்லை அவர். ஆனால் காதில் பாதி தமிழ் விழ, கண் ஆங்கிலத்தைப் படிக்க, நகைச்சுவைக் காட்சியில் எல்லோரும் சிரித்து முடித்த பிறகு அவர் சிரிப்பதைப் பார்க்கச் சங்கடமாக இருக்கும். தமிழ்ப் படத்துக்குத் தமிழில் வசன வரி கொடுப்பதை ஏதோ தேவையில்லாத செலவு போல நடத்துகிறார்கள். செவித்திறன் குறைந்த பெரியவர்கள் வீட்டுக்கு வீடு இருக்கும் ஊரில் இது எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது. சந்தா எடுக்குமுன் நண்பர் வீட்டுக் கணக்கில் நான்கைந்து படங்களைத் திறந்து, தமிழ் வசன வரி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். நான் இப்போது அதைத்தான் முதலில் பார்க்கிறேன்.

கிரிக்கெட் விஷயத்தில் மாமாவும் என் கணவரும் ஒரு கட்சி. ஐபிஎல் ஆட்டங்களை இணையத்தில் காட்டும் உரிமை 2023 முதல் 2027 வரையிலான ஐந்து பருவங்களுக்கு 23,758 கோடி ரூபாய்க்கு விற்கப்பட்டது. அவ்வளவு கொடுத்து வாங்கியவர்கள் முதல் இரண்டு பருவங்களை இலவசமாகக் காட்டிக் கூட்டத்தைச் சேர்த்தார்கள். 2025 பிப்ரவரியில் ஜியோ சினிமாவும் டிஸ்னி பிளஸ் ஹாட்ஸ்டாரும் இணைந்து ஜியோ ஹாட்ஸ்டார் ஆன பிறகு இலவசம் சுருங்கிச் சந்தா வந்தது. தொடங்கியபோது விளம்பரத்துடன் கூடிய சூப்பர் திட்டம் மூன்று மாதத்துக்கு 299 ரூபாய், ஆண்டுக்கு 899 ரூபாய் என்று இருந்தது. இந்த எண்கள் அடிக்கடி மாறுகிறவை என்பதால் கட்டும் நாளில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். நான் சொல்ல வருவது வேறு. கிரிக்கெட்டை விளம்பரம் இல்லாமல் பார்க்கலாம் என்று நினைத்து அதன் மேல் திட்டமான பிரீமியத்தை எடுக்க வேண்டாம், ஏனென்றால் நேரலைக்கும் விளையாட்டுக்கும் அந்தச் சலுகை கிடையாது, ஓவருக்கு ஓவர் விளம்பரம் வரத்தான் செய்யும். பங்குனியில் தொடங்கி வைகாசிக்குள் முடிந்துவிடும் ஒரு போட்டிக்கு ஆண்டு முழுவதும் கட்டுவதும் தேவையில்லை.

இனி என் கதைக்கு வருகிறேன். நெட்ஃபிளிக்ஸில் ஆக உயர்ந்த 649 ரூபாய்த் திட்டத்தை நான் எடுத்ததற்கு ஒரு காரணம் இருந்தது: நான்கு திரைகளில் பார்க்கலாம் என்பதால் கோயம்புத்தூரில் இருக்கும் தங்கை வீட்டோடு பங்கு போட்டிருந்தோம். 2023 ஜூலையில் வேறு வீட்டாரோடு கணக்கைப் பகிரக் கூடாது என்று இந்தியாவிலும் அறிவித்தார்கள். தங்கை விலகிக்கொண்டாள். திட்டத்தைக் குறைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. 199 ரூபாய்த் திட்டம் ஒரு நேரத்தில் ஒரு திரை, 720 பி தரம். 649 ரூபாய்த் திட்டம் அதைவிடப் பல மடங்கு துல்லியமான 4கே தரம். எங்கள் கூடத்தில் இருப்பதோ 1366க்கு 768 புள்ளிகள் மட்டும் கொண்ட பழைய 32 அங்குலப் பெட்டி. அதில் 4கே காட்டுவது, உழக்கில் ஒரு படி பாலை ஊற்றுவது போல. மாதத்துக்கு 450 ரூபாய் வேறுபாடு; அப்படிக் கட்டியது 22 மாதங்கள்; 9,900 ரூபாய். மாமா இந்தப் பெருக்கலையும் ஒரு தாளில் போட்டுக் கீழே இரட்டைக் கோடு இழுத்திருந்தார்.

149 ரூபாய்த் திட்டமும் ஒன்று இருக்கிறது. அது கைப்பேசிக்கும் டேப்லெட்டுக்கும் மட்டும்தான், தொலைக்காட்சியில் வராது என்பதைத் தெரிந்து வாங்க வேண்டும். நெட்ஃபிளிக்ஸில் எனக்குப் பிடித்த ஒரு விஷயம், இந்தியாவில் ஆண்டுச் சந்தா என்ற பேச்சே இல்லாதது. ஒரு மாதம் எடுத்து, பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டு நிறுத்திவிடலாம். பத்து மாதத்துக்குள் திரும்பி வந்தால் எந்தத் தொடரில் எங்கே விட்டோம் என்பதெல்லாம் அப்படியே இருக்கும்.

அமேசான் பிரைமில் கணக்கு தலைகீழ். மாதத்துக்கு 299 ரூபாய், ஆண்டுக்கு 1,499 ரூபாய். ஐந்து மாதம் தனித்தனியாகக் கட்டினாலே 1,495 ஆகிவிடுகிறது. எனவே ஆண்டில் ஐந்து மாதத்துக்கு மேல் தேவைப்படுமென்றால் ஆண்டுச் சந்தா, இல்லையென்றால் மாதச் சந்தா. எங்கள் வீட்டில் அது நிலைத்திருப்பது படங்களுக்காக அல்ல, பொருட்கள் விரைவாக வந்து சேர்வதற்காக. அதனால் அதைப் பொழுதுபோக்குக் கணக்கில் எழுதுவதை நிறுத்திவிட்டேன். 2025 ஜூன் முதல் அதிலும் படத்துக்கு நடுவே விளம்பரம் வருகிறது, அதை நீக்க ஆண்டுக்கு 699 ரூபாய் தனியாகக் கேட்கிறார்கள். நாங்கள் கொடுக்கவில்லை. கேபிளில் பழகிய அத்தைக்கு விளம்பர இடைவேளை என்பது தோசை திருப்பிப் போடும் நேரம்.

புதுப் படங்களைத் துரத்திச் சந்தா எடுப்பது முடிவே இல்லாத வேலை. பெரிய தமிழ்ப் படங்கள் பெரும்பாலும் திரைக்கு வந்து சில வாரங்களில் ஏதோ ஓர் ஓடிடிக்கு வந்துவிடுகின்றன. எந்த ஓடிடி என்பது படத்துக்குப் படம் மாறும். வந்தது அங்கேயே இருக்கும் என்ற உறுதியும் கிடையாது. அமெரிக்காவின் எச்பிஓ நிறுவனத் தொடர்களுக்காகவே ஹாட்ஸ்டாரில் ஆண்டுச் சந்தா கட்டியவர்கள் 2023 மார்ச் 31 அன்று அவை மொத்தமாக வெளியேறியதைப் பார்த்தார்கள். இரண்டு மாதத்துக்குள் அவை ஜியோ சினிமாவில் போய் நின்றன, பிறகு இரண்டும் இணைந்ததால் பழைய வீட்டுக்கே திரும்பி வந்தன. ஒரே ஒரு படம்தான் வேண்டுமென்றால், சந்தா இல்லாமல் வாடகைக்குப் பார்க்கும் வசதியும் பிரைம் வீடியோவில் 2022 முதல் இருக்கிறது. எல்லாப் படமும் அதில் கிடைக்காது, இருந்தாலும் தேடிப் பார்ப்பதில் தவறில்லை.

என்னைச் சுட்டது மேலே சொன்ன ஆங்கில ஆவணப்படச் சந்தா. முதல் ஆண்டு தள்ளுபடியில் எடுத்தது, இரண்டாம் ஆண்டு முழு விலையில் தானாகவே புதுப்பித்துக்கொண்டது. பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பாவது அறிவிக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி, அறிவிப்பும் வந்துதான் இருந்தது. துணிக்கடைத் தள்ளுபடிக்கும் கடன் வேண்டுமா என்ற விசாரிப்புக்கும் நடுவே அது கிடந்ததை நான் பார்க்கவில்லை. 15,000 ரூபாய் வரை ஓடிபி கேட்காமலே எடுத்துக்கொள்ளலாம் என்பதால் என் கையை எதிர்பார்க்கவும் தேவை இருக்கவில்லை. ரத்து செய்யும் பொத்தானைச் செயலியில் தேடித் தேடி அலுத்து, கடைசியில் யுபிஐ செயலியில், தானாகப் பணம் எடுக்கக் கொடுத்த அனுமதிகள் இருக்கும் ஆட்டோபே பகுதிக்குப் போய் அனுமதியை நீக்கினேன். போன பணம் போனதுதான். சேர்வதை எளிதாகவும் விலகுவதைக் கடினமாகவும் வைக்கும் இந்த உத்தியைச் சந்தாப் பொறி என்று பெயரிட்டு, நுகர்வோரை ஏய்க்கும் 13 வழிகளுள் ஒன்றாக 2023 நவம்பரிலேயே மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அறிவித்திருக்கிறது. இப்படிச் சிக்கினால் 1915 என்ற எண்ணில் புகார் செய்யலாம் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. இப்போது எந்தச் சந்தா எடுத்தாலும் எடுத்த கையோடு ஆட்டோபேயை நிறுத்திவிடுகிறேன். கட்டிய காலம் முடியும் வரை படம் ஓடும்.

பிராட்பேண்டுடன் இலவசமாக வரும் ஓடிடிகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அது எந்தத் திட்டம், தொலைக்காட்சியில் ஓடுமா, யாருடைய எண்ணில் கணக்கு இருக்கிறது என்ற மூன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள். எங்களுக்கு வந்த ஒன்று கணவரின் எண்ணில் பதிவாகியிருந்தது. அவர் தினமும் தூத்துக்குடிக்கு வேலைக்குப் போகிறவர். மதியம் மூன்று மணிக்குக் கணக்கு தானாக வெளியேறிவிட்டால், மாமா அவருக்குப் போன் போட்டு ஓடிபி கேட்பார். அவர் கூட்டத்தில் இருப்பார். அந்தக் கணக்கை வீட்டிலேயே இருக்கும் மாமாவின் எண்ணுக்கு மாற்றியதுதான் இந்த ஓராண்டில் நாங்கள் செய்த உருப்படியான சீர்திருத்தம் என்று கணவர் சொல்கிறார்.

மகன் பார்ப்பது பெரும்பாலும் யூடியூப். அதற்குச் சந்தா இல்லை, கண்காணிப்புதான் தேவை. ஓடிடிகளில் அவனுக்குக் குழந்தைகள் பிரிவை அமைத்து, மற்றவற்றுக்குக் கடவுக்குறி போட்டுவிட்டோம்.

இப்போது எங்கள் வீட்டில் ஆண்டு முழுவதும் இருப்பவை அத்தையின் சன் நெக்ஸ்ட்டும், கடைக் கணக்கில் எழுதப்பட்ட பிரைமும். இவை போக மாதம் ஒன்று மட்டும், மாதச் சந்தாவில், முறைவைத்து எடுக்கிறோம். ஐபிஎல் மாதங்கள் மாமாவுக்கும் கணவருக்கும். பொதுத்தேர்வு முடிந்த மறுநாள் முதல் ஒரு மாதம் மகளுக்கு. அவளுக்கு வேண்டியது கொரியத் தொடர்கள் என்பதால் நெட்ஃபிளிக்ஸ், 199 ரூபாய். என் முறை ஆடி மாதத்தில் வருகிறது. அன்றைக்கு எதை எடுப்பது என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை, ஆனால் மாமா இப்போதே பென்சிலைச் சீவி வைத்திருக்கிறார்.