எந்தக் கருவி என்பதைப் பொறுத்தது
பனிமலையிலும் தண்ணீரிலும் சாகசத்துக்குப் போகிறவர்களுக்குப் ‘பாதுகாப்புக் கருவியைக் கட்டாயமாக்கத் தேவையில்லை, நல்ல பயிற்சி போதும்’ என்று இந்தக் கட்டுரை சொல்வது பனிச்சரிவுக்கு ஓரளவு பொருந்தும், தண்ணீருக்குப் பொருந்தாது. பனிச்சரிவில் புதைந்தவரைக் கண்டுபிடிக்க 457 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் சிக்னல் அனுப்பவும் வாங்கவும் செய்யும் டிரான்ஸீவர் என்ற சின்னக் கருவியை யார் வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளலாம். ஆனால் மேலே நிற்பவருக்கு அதைத் தேடும் நிலைக்கு மாற்றி, சிக்னலைப் பின்தொடர்ந்து, பனியைக் கம்பியால் குத்திப் பார்த்து, வேகமாகத் தோண்டத் தெரிய வேண்டும். கால் மணி நேரம் தாண்டினாலே பிழைக்கும் வாய்ப்பு மளமளவென்று சரிந்துவிடும். லைஃப் ஜாக்கெட் அப்படியில்லை, போட்டிருப்பவர் எதுவும் செய்யாவிட்டாலும் அது வேலை செய்யும். ‘நன்றாக நீந்தத் தெரிந்தவனுக்கு அது எதற்கு?’ என்று மேலே கருத்துப் பகுதியில் கேட்டிருக்கும் நண்பருக்கு: குளிர்ந்த தண்ணீரில் திடீரென்று விழுந்தால் முதல் ஒரு நிமிடத்துக்கு மூச்சு நம் பேச்சைக் கேட்காது. கயாக் (துடுப்புப் போடும் ஒடுக்கமான சின்னப் படகு) கவிழ்ந்து எனக்கே நடந்திருக்கிறது; நீச்சல் தெரியும் என்பது அப்போது நினைவுக்கே வரவில்லை, வாயைப் பிளந்து காற்றை இழுப்பதுதான் நடந்தது. தலை அந்த நேரம் தண்ணீருக்கு அடியில் இருந்தால் உள்ளே போவது தண்ணீர்தான். சமாளித்துவிட்டாலும் பத்து நிமிடத்தில் கைகால் விறைத்து நீச்சல் வராது. சரி, வேகமாக ஓடும் ஆற்றில் விழுந்தால் எழுந்து நிற்கக் கூடாது, பாறை இடுக்கில் கால் மாட்டும் என்பதை ஜாக்கெட் சொல்லித் தராது, அதற்குப் பயிற்சிதான் வேண்டும். எனக்கு உறுத்துவது இன்னொன்று. பல இடங்களில் பெரியவர்களுக்கு ஜாக்கெட் படகில் இருந்தாலே விதிக்குப் போதும், உடம்பில் இருக்க வேண்டியதில்லை. கவிழ்ந்த பிறகு தண்ணீரில் தத்தளித்துக்கொண்டே அதை மாட்டிக் கொக்கி போட்டுப் பார்க்கட்டும், அந்த விதியை எழுதியவர்கள்.