"கவனமா இருங்கோ" என்றால் போதுமா?

விடியற்காலை மூன்று மணி. ஆஸ்பத்திரி வாட்டில் தாதியாக நான் இரவு வேலையில் நின்றேன். கட்டில்கள் நிரம்பி, நிலத்திலும் பாய் போட்டுப் படுத்திருந்தார்கள். தூள் மருந்தைக் கரைக்க ஸ்டெரைல் வோட்டர் எடுப்பதாக நினைத்துத் தட்டில் கை வைத்தேன். கையில் வந்தது பொட்டாசியம் குளோரைட். இரண்டுமே சின்னப் பிளாஸ்டிக் ஆம்பியூல், உள்ளே நிறமில்லாத நீர், கண்ணுக்குத் தெரியாத எழுத்து. உடைக்கும் முன் டோர்ச் அடித்து இன்னொரு தடவை வாசித்ததால் தப்பினேன். செறிவான பொட்டாசியத்தை நேரே இரத்த நாளத்தில் ஏற்றினால் இதயம் நின்றுவிடும்.

வேறு மாவட்டத்து ஆஸ்பத்திரி ஒன்றில் நடந்தது. காலையில் நானாகவே போய்ச் சொன்னேன். "மிஸ், இனிமேல் கவனமா இருங்கோ" என்றார்கள். தட்டு அப்படியே இருந்தது.

ஓய்வுபெற்றுத் திருகோணமலை உவர்மலைக்கு வந்த பிறகும் அந்தத் தட்டு என் கண்ணை விட்டுப் போகவில்லை. இதைப் பற்றித் தேடி வாசித்தபோதுதான் 'மனிதக் காரணிகள்' என்று ஒரு துறையே இருப்பது தெரிந்தது. மனிதர் பிழை விடாதபடி பொருளையும் இடத்தையும் வேலை முறையையும் அமைப்பது பற்றிய படிப்பு அது. இரண்டாம் உலகப் போரில் பி-17 விமானிகள் தரையிறங்கிய பின் சிறகு மடலை மடக்கப் போய்ச் சக்கரத்தை மடக்கிவிடுவார்களாம். அல்போன்ஸ் ஷபானிஸ் என்ற உளவியலாளர் போய்ப் பார்த்தால், இரண்டு சுவிட்சும் பக்கத்தில் பக்கத்தில், ஒரே மாதிரி. ஒன்றுக்குச் சக்கர வடிவிலும் மற்றதற்குச் சிறகு வடிவிலும் பிடி போட வைத்தார். இருட்டிலும் கை தடவிக் கண்டுபிடிக்கும். விமானியை "கவனமா இரு" என்று சொல்வதோடு அவர் நிற்கவில்லை.

என்னை உலுக்கியது இங்கிலாந்தில் 2005இல் நடந்தது. எலேன் புரோமிலி என்ற இளம் தாய் சாதாரண சைனஸ் சத்திரசிகிச்சைக்குப் போனார். மயக்கிய பின் மூச்சு விடுவதற்கான குழாயைத் தொண்டைக்குள் ஏற்ற முடியவில்லை. அனுபவமுள்ள டாக்டர்கள் திரும்பத் திரும்ப அதையே முயன்றார்கள், நேரம் போனதே தெரியவில்லை. ஒரு தாதி, மூச்சுக்கு வழி செய்யக் கழுத்தில் துளையிடும் செட்டைக் கொண்டுவந்து "இது தயார்" என்று சொல்லியிருக்கிறார். ஒருவர் காதிலும் விழவில்லை. எலேன் கண் திறக்கவே இல்லை, 13 நாளில் இறந்தார். கணவர் மார்ட்டின் ஒரு விமானி. அவர் எவரையும் தண்டிக்கச் சொல்லவில்லை. விமானத் துறை போல இதிலிருந்து படியுங்கள் என்று 2007இல் மருத்துவ மனிதக் காரணிகள் குழுவைத் தொடங்கினார்.

அந்தத் தாதியின் இடத்தில் நான் நிற்பது போல எனக்குப் படுகிறது. அவராவது ஒரு தடவை சொன்னார். நான் பெரிய டாக்டர் முன்னால் எத்தனை தடவை வாயை மூடிக்கொண்டு நின்றிருப்பேன்! அது பயம் மட்டும் இல்லை. எங்களுக்கு யாரும் அப்படிப் பேசப் பழக்கவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2008இல் தந்த சத்திரசிகிச்சைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலில், கத்தி வைக்கும் முன் எல்லாரும் தங்கள் பெயரையும் வேலையையும் சொல்ல வேண்டும் என்று இருக்கிறது. பெயர் சொல்லி வாய் திறந்தவருக்கு அப்புறம் "டாக்டர், நிறுத்துங்கள்" என்று சொல்வதும் லேசு.

போன கிழமை பஸ் ஸ்டாண்டில் மூதூர்ப் பக்க ஆச்சி ஒருவர் இரண்டு கடதாசி உறைகளை நீட்டி, "பிள்ளை, எது பிரஷருக்கு?" என்று கேட்டார். இரண்டிலும் வெள்ளைக் குளிசை, உறையில் ஆங்கிலக் கிறுக்கல். மாறிக் குடித்தால் ஆச்சியைத்தான் ஏசுவோம். உறையில் ஒரு சூரியன், ஒரு நிலா, தமிழிலும் சிங்களத்திலும் ஒரு வரி அச்சடிக்க எவ்வளவு செலவாகும்?

டாக்டர்கள், தாதியர் போல இந்தத் துறை படித்தவர்களும் எங்கள் மாவட்ட ஆஸ்பத்திரிகளில் வேலைக்கு இருக்க வேண்டும். ஒரு இரவு முழுக்க வாட்டில் நின்று, எந்த மருந்து எங்கே இருக்கிறது, வெளிச்சம் போதுமா, மருந்து கலக்கும்போது எத்தனை பேர் கூப்பிடுகிறார்கள் என்று பார்க்கட்டும். புது டிரொலி வாங்கும் முன் அதை இரவில் தள்ளுகிற பிள்ளைகளிடம் கேட்கட்டும். தப்பிய பிழையைச் சொல்ல வருகிறவரிடம் முதலில் "எந்தத் தட்டு, காட்டுங்கோ" என்று கேட்கட்டும்.