பெட்டி தேடப் போகிறவர்கள் பேப்பரை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்

போன ஆடியில் ஜியோகேச்சிங் பெட்டி தேடப் போனபோது நடந்தது இது. தனுஷ்கோடி போகும் சாலையில் கம்பிப்பாடு தாண்டி வண்டியை ஓரங்கட்டினோம். கச்சான் காற்று மணலை வாரி முகத்தில் அறைந்துகொண்டிருந்தது. எங்களோடு முதல் தடவை வந்திருந்த தம்பி பைக்குள்ளிருந்து ஒரு கட்டுத் தாளை எடுத்தார். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு தாள், மொத்தம் 14. மேப், விவரம், துப்பு எல்லாவற்றையும் அழகாகப் பிரிண்ட் எடுத்து, ஸ்டேப்ளர் பின் அடித்து வைத்திருந்தார். இரண்டாவது தாளைப் புரட்டினார், அவ்வளவுதான். பின்னைப் பிய்த்துக்கொண்டு மூன்று தாள் பறந்தது. இரண்டைக் கருவை முள்ளில் பிடித்தோம். மூன்றாவது சாலையைத் தாண்டிப் பெண்கடல் (பாக் விரிகுடா) பக்கம் போய்த் தண்ணீரில் விழுந்தது. ஆமை முட்டையிட வருகிற கரை அது. அங்கே நம் கையால் ஒரு குப்பை போய் விழுந்ததை நினைத்தால் இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

அன்றைக்கே இதை எழுத நினைத்தேன். இப்போதுதான் நேரம் கிடைத்தது.

தெரியாதவர்களுக்காக நாலு வரி. ஜியோகேச்சிங் என்பது ஒருவர் ஒளித்து வைத்த பெட்டியை, அவர் கொடுத்த அட்சரேகை தீர்க்கரேகையை வைத்து ஜிபிஎஸ் கருவியால் தேடிக் கண்டுபிடிக்கும் விளையாட்டு. 2000 மே 2ஆம் தேதி வரை சாதாரண மக்களுக்குக் கிடைத்த ஜிபிஎஸ் சிக்னலில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே பிழை கலந்து வைத்திருந்தது. 100 மீட்டர் வரை தள்ளிக் காட்டும். அந்தப் பிழையை எடுத்த மறுநாளே, மே 3ஆம் தேதி, ஓரிகன் மாநிலத்தில் டேவ் அல்மர் என்பவர் ஒரு வாளியில் சில சாமான்களைப் போட்டுக் காட்டோரம் வைத்து, அந்த இடத்தின் எண்களை இணையத்தில் வெளியிட்டார். அதுதான் தொடக்கம். தனுஷ்கோடியில் நிலம் ஒடுங்கிப்போகிற இடத்தில் நின்று யோசித்துப் பாருங்கள். அங்கே 100 மீட்டர் பிசகினால் கரையில் தேட வேண்டிய பெட்டியைக் கடலுக்குள் தேடிக்கொண்டிருப்போம்.

எங்கள் கரையில் நண்பர்கள் சிலர் எங்களுக்குள்ளேயே பெட்டி வைத்துத் தேடுகிறோம். மண்டபம், உச்சிப்புளி, பெரியபட்டினம், சேதுக்கரை, வாலிநோக்கம் என்று ஊர் ஊராக. வருகிறவர்களில் பாதிப்பேர் இன்னும் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். காரணம் கேட்டால், "என்கிட்ட இருக்கிறது பழைய கருவி அண்ணே, அதில் விவரமெல்லாம் ஏறாது" என்கிறார்கள். விலை கூடிய கருவி வாங்கினால்தான் பேப்பரை விட முடியும் என்று ஒரு நினைப்பு. அது உண்மை இல்லை என்று சொல்லத்தான் இந்தப் பதிவு.

என்னிடம் இருப்பது செகண்ட் ஹேண்டில் வாங்கிய பழைய மஞ்சள் ஈட்ரெக்ஸ், கார்மின் கம்பெனியின் கையடக்க ஜிபிஎஸ். கறுப்பு வெள்ளைத் திரை, மேப் கிடையாது, இரண்டு பென்சில் செல். 500 இடங்களைச் சேமிக்கலாம். ஒரு இடத்தின் பெயருக்கு ஆறே ஆறு எழுத்துதான் இடம். ஆறு எழுத்தில் என்னத்தை எழுதுவது என்று நானும் முதலில் மலைத்தேன். உட்கார்ந்து யோசித்தால் ஆறு எழுத்து தாராளம்.

முதல் இரண்டு எழுத்து ஊர். பாம்பனுக்கு பி எம், மண்டபத்துக்கு எம் டி. மூன்றாவது எழுத்து பெட்டியின் அளவு: பிலிம் ரோல் டப்பா அளவா, டிபன் பாக்ஸ் அளவா, அதைவிடப் பெரிதா. நான்காவது எழுத்து வகை: நேரே போய் எடுக்கிறதா, ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு அனுப்புகிறதா, புதிர் போட்டு வீட்டிலேயே விடை கண்டுபிடித்துவிட்டுப் போகிறதா. கடைசி இரண்டு வரிசை எண். கருவியில் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு சின்னம் வைக்கலாம், அதையும் சும்மா விடவில்லை. நங்கூரம் போட்டிருந்தால் அலை ஏறுகிற இடம், கொடி போட்டிருந்தால் ஊர்க்காரர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போக வேண்டிய இடம்.

துப்பை எங்கே வைப்பது என்பதில்தான் ரொம்ப நாள் திணறினேன். ஒருநாள் சேமித்த இடத்தின் விவரப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது உயரம் என்ற கட்டம் கண்ணில் பட்டது. மலைநாட்டில் தேடுகிறவருக்கு அது தேவை. நம் கரையில் நாங்கள் போகிற இடமெல்லாம் கடல் மட்டத்துக்குச் சில மீட்டர் மேலேதான். அப்படியானால் அந்தக் கட்டம் நமக்குச் சும்மாதான் கிடக்கிறது. அதில் நாலு இலக்கம் போட ஆரம்பித்தேன். முதல் இலக்கம் நடை எவ்வளவு சிரமம், இரண்டாவது கண்டுபிடிப்பது எவ்வளவு சிரமம், இரண்டும் 1 முதல் 5 வரை. கடைசி இரண்டு இலக்கம் துப்பின் எண்.

இந்தக் கரையில் பெட்டி ஒளிக்கிற இடங்களை எண்ணிப் பார்த்தால் இருபது வகைக்குள் அடங்கிவிடுகிறது. பனையடி, தாழம்புதர், இடிந்த சுவரின் பொந்து, பாழுங்கிணற்றின் வெளிப்பக்கம், கைவிட்ட வல்லத்தின் அணியம் (படகின் முன்பக்கம்), மட்டை வெட்டாத வடலி (இளம்பனை), இப்படி. இருபதுக்கும் எண் கொடுத்து மனப்பாடம் செய்துகொண்டோம். 2314 என்று இருந்தால் நடை 2, தேடல் 3, துப்பு 14. பதினான்கு என்றால் வடலி மட்டைக்குள் கையை விட வேண்டும், கருக்கு கையைக் கிழிக்கும், பார்த்து. வாய்ப்பாடு படித்த நமக்கு இருபது வரி ஒரு பாரமா?

இதில் எனக்குப் பிடித்த இன்னொன்றும் உண்டு. பெட்டி இருக்கும் திசையை அம்பு காட்டுகிற பக்கத்தில் இந்த எண் தெரியாது. விவரப் பக்கத்துக்குப் போனால்தான் தெரியும். முதலில் கண்ணால் தேடு, முடியாவிட்டால் மட்டும் துப்பைப் பார் என்று கருவியே சொல்வதுபோல இருக்கும். இணையத்தில் துப்பை எழுத்து மாற்றித்தான் போடுவார்கள், ஆங்கில ஏ-க்குப் பதில் என், பி-க்குப் பதில் ஓ என்று 13 எழுத்து தள்ளி. பிரிண்ட் எடுத்தவர் வெயிலில் நின்று ஒவ்வொரு எழுத்தாக மாற்றிக்கொண்டிருப்பார். அதை வீட்டிலேயே முடித்துவிட்டு வரலாமே.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். கருவியில் உயரத்தின் அளவு மீட்டரில் இருக்கட்டும். பெரியபட்டினத்தில் ஒரு தடவை திரையில் 7592 என்று வந்தது. ஏழாவது சிரமம் என்று ஒன்றே கிடையாதே என்று குழம்பிப் பத்து நிமிடம் போனது. யாரோ கருவியை அடிக்கு மாற்றியிருந்தார்கள். 2314 மீட்டர்தான் 7592 அடி.

இதையெல்லாம் கருவியில் ஒவ்வொன்றாகத் தட்டி ஏற்ற வேண்டியதில்லை, ஏற்றவும் கூடாது. எக்செல்லில் ஒரு பட்டியல் போட்டு, ஜிபிஎஸ்பேபல் என்ற இலவச மென்பொருள் வழியாக கேபிளில் ஏற்றிவிடலாம். பழைய ஈட்ரெக்ஸின் கேபிள் சீரியல் வகை. இப்போதைய லேப்டாப்பில் அந்தத் துளை இல்லை, ஒரு யூஎஸ்பி கன்வெர்ட்டர் வேண்டும். செலவு அவ்வளவுதான்.

கையால் ஏற்ற வேண்டாம் என்று ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், மண்டபத்தில் ஒரு காலைப் பொழுதே அதனால் போனது. நண்பர் தாளில் 9.2876 என்று எழுதி வைத்திருந்தார். போன் மேப்பிலிருந்து எடுத்த எண், அதாவது பாகையின் தசமம். கருவி கேட்டதோ பாகையும் நிமிடமும். அவர் 9 பாகை 28.76 நிமிடம் என்று ஏற்றிவிட்டார். சரியானது 9 பாகை 17.256 நிமிடம். அட்சரேகையில் ஒரு நிமிடம் என்பது 1.85 கிலோமீட்டர். வடக்கே மட்டும் 21 கிலோமீட்டர் தள்ளி, பாக் விரிகுடாவின் நடுவே அம்பு காட்டியது. தாளைப் பார்த்துக் கையால் ஏற்றுகிற வரைக்கும் இந்தப் பிழை வந்துகொண்டேதான் இருக்கும். ஃபைலாக ஏற்றினால் மென்பொருளே மாற்றிக்கொள்ளும்.

2011இல் வந்த ஈட்ரெக்ஸ் 10 மாதிரிக் கருவி வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சிரமமே இல்லை. அதுவும் அடிப்படைக் கருவிதான், ஆனால் இடங்களின் விவரத்தைச் சேமிக்கிற ஜிபிஎக்ஸ் ஃபைலை அப்படியே படிக்கும். கம்ப்யூட்டரில் செருகினால் பென் டிரைவ் மாதிரித் திறக்கும், அதற்குள் இருக்கும் ஜிபிஎக்ஸ் ஃபோல்டரில் போட்டால் விவரம், துப்பு, முன்பு தேடியவர்களின் குறிப்பு எல்லாம் திரையில் வரும். .loc என்று முடிகிற இன்னொரு ஃபைல் வகை இருக்கிறது, அதில் எண்களும் பெயரும் மட்டும்தான். நண்பர் ஒருவரின் ஈட்ரெக்ஸ் 10-இல் துப்பைத் தமிழில் எழுதிப் போட்டுப் பார்த்தோம். எழுத்து வரவில்லை. தமிழில் துப்பு வேண்டும் என்றால் இன்றைக்கும் எண் போட்டு மனப்பாடம் செய்கிற எங்கள் வழிதான்.

"போன்ல எல்லாமே இருக்கே, இது எதுக்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ராமநாதபுரம் டவுனுக்குள் தேடுவதென்றால் நானும் போனைத்தான் எடுப்பேன். ஆனால் சித்திரை வெயிலில் வாலிநோக்கம் உப்பளத்து வரப்பில் நின்று போன் திரையைப் பார்த்திருக்கிறீர்களா? சுற்றிலும் வெள்ளை, கண் கூசும், திரையில் நம் முகம்தான் தெரியும். கொஞ்ச நேரத்தில் சூடாகிவிட்டது என்று போனே அணைந்துகொள்ளும். ஈட்ரெக்ஸின் திரை வெயில் ஏற ஏறத் தெளிவாகத் தெரியும். அரிச்சல்முனைப் பக்கம் போனால் போனுக்கு இலங்கை டவர் கிடைத்து "வெல்கம்" என்று மெசேஜ் வருகிறது. நெட் இல்லை, மேப் திறக்கவில்லை. அப்புறம் சார்ஜ். பென்சில் செல் எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும்.

இந்த ஆறெழுத்துப் பழக்கத்தை நான் எங்கே கற்றேன் என்றும் சொல்ல வேண்டும். பாம்பனில் ஒரு அண்ணன் விசைப்படகு ஓட்டுகிறார். ஒருநாள் அவருடைய கையடக்க ஜிபிஎஸ்ஸைக் காட்டச் சொன்னேன். பொத்தான்களில் எழுத்து தேய்ந்து வழவழவென்று இருந்தது. உள்ளே நூற்றுக்கணக்கான இடங்கள். ஒவ்வொன்றும் நாலைந்து எழுத்து. எங்கே பார் (கடலடிப் பாறை) இருக்கிறது, எங்கே வலை கிழியும், எந்த மாதத்தில் எங்கே எந்த மீன், எல்லைக்கோடு எங்கே, எல்லாம் அந்தச் சுருக்கெழுத்தில். "நோட்டுல எழுதி வைக்கலையாண்ணே?" என்று கேட்டேன். "கடலுக்குள்ள நோட்டை யாரு தம்பி பிரிக்கிறது? ஒரு அலை அடிச்சா கூழாயிடும். கையில ஒண்ணு, மனசுல ஒண்ணு, அவ்வளவுதான்" என்றார். அவர் அப்பா காலத்தில் கையிலும் ஒன்றும் கிடையாது. கரையில் தெரிகிற கோபுரத்தையும் பனையையும் நேர்க்கோட்டில் வைத்தே இடம் பிடித்திருக்கிறார்கள்.

பேப்பரே கூடாது என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். பெட்டிக்குள் இருக்கும் பதிவுத்தாள் பேப்பராகத்தான் இருக்க வேண்டும். அதில் கையெழுத்துப் போட்டால்தான் கண்டுபிடித்ததாகக் கணக்கு, உலகம் முழுக்க அதுதான் வழக்கம். சேதுக்கரையில் ஒரு பெட்டியை எட்டு மாதம் கழித்துத் திறந்தோம். மூடியின் ரப்பர் வளையம் தளர்ந்து உப்புக்காற்று உள்ளே இறங்கியிருந்தது. தாள் அப்பளம் மாதிரி உப்பி, ஓரமெல்லாம் பழுப்பாகி, தொட்டால் பிசுபிசுத்தது. பால்பாயிண்ட் பேனாவில் போட்ட கையெழுத்துகள் நீலப் புகையாகக் கரைந்து கிடந்தன. நடுவில் ஒரே ஒரு கையெழுத்து அப்படியே இருந்தது. கீழக்கரை காக்கா (அங்கே அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) ஒருவர் பென்சிலில் போட்டது. அன்றிலிருந்து எல்லாப் பெட்டியிலும் பென்சில் மட்டும்தான் வைக்கிறோம், பதிவுத்தாள் ஜிப் கவருக்குள், கவர் பெட்டிக்குள்.

பெட்டி வைப்பதைப் பற்றியும் கொஞ்சம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986இலிருந்து கடல்சார் தேசியப் பூங்கா. அங்கே பெட்டி என்ற பேச்சே வேண்டாம். பவளக்கல்லை நகர்த்தி அடியில் ஒளிப்பதும் கூடாது. பாம்பன் பாலம், ரயில் பாதை, உச்சிப்புளி கடற்படை விமானத் தளம், இவற்றின் பக்கம் போகவே வேண்டாம். கடத்தல் சாமான் பிடிபடுகிற கரை இது. மர்மமாக ஒரு டப்பா கிடந்தால் மக்கள் பயப்படத்தான் செய்வார்கள். இது என்ன என்று பெட்டியின் மேலேயே தமிழில் எழுதி ஒட்டுங்கள், ஊர்ப் பெரியவர் ஒருவரிடமாவது சொல்லி வையுங்கள்.

வருகிற ஞாயிறு வாலிநோக்கம் போகிறோம், பதினொரு பெட்டி. கருவி எதுவாக இருந்தாலும் கொண்டுவாருங்கள், தாள் வேண்டாம். சீரியல் கேபிளும் கன்வெர்ட்டரும் லேப்டாப்பும் என்னிடம் இருக்கும். காலை ஆறு மணிக்குள் உச்சிப்புளி பஸ் ஸ்டாப் டீக்கடைக்கு வந்துவிட்டால் டீ குடித்து முடிப்பதற்குள் ஏற்றித் தந்துவிடுவேன். இருபது துப்பு வரிசையை முதல் கமெண்டில் போடுகிறேன், சனிக்கிழமை ராத்திரிக்குள் மனப்பாடம் செய்துவிட்டு வாருங்கள். செல் புதிதாகப் போட்டுக்கொண்டு, கூடவே ஒரு ஜோடி எடுத்துக்கொள்ளுங்கள்.