பத்துக்கு நாலு

(பாஸ்டன், ஃபென்வே பார்க் பேஸ்பால் மைதானம். ஆட்டம் தொடங்க ஒரு மணி நேரம் இருக்கிறது. வலது பக்கக் கேலரியில் பச்சை நாற்காலிகளுக்கு நடுவே ஒன்றே ஒன்று சிவப்பு. அதன் முன்னால் தாத்தா கை கட்டி நிற்கிறார்.)

பேத்தி: இது மட்டும் ஏன் தாத்தா சிவப்பு? பச்சை பெயின்ட் தீர்ந்துபோச்சா?

தாத்தா: வாயைக் கழுவு! 1946 ஜூன் 9, நம்முடைய பாஸ்டன் ரெட் சாக்ஸ் டீமின் டெட் வில்லியம்ஸ் அடித்த பந்து இங்கேதான் வந்து விழுந்தது. 502 அடி!

பேத்தி: யார் மேலும் படவில்லையே?

தாத்தா: பட்டது. ஓலைத் தொப்பி போட்ட ஒருவர் உட்கார்ந்திருந்தார். தொப்பியில் ஓட்டை.

பேத்தி: பாவம். அடி வாங்கியவருக்கு ஒன்றுமில்லை, அடித்தவருக்கு வாசலில் சிலை.

தாத்தா: சும்மாவா வைத்தார்கள்? 1941-ல் அவருடைய பேட்டிங் சராசரி .406! அதற்கப்புறம் அமெரிக்கன் லீக், நேஷனல் லீக் என்ற இரண்டு பெரிய லீகிலும் ஒருத்தரும் .400-ஐத் தொடவில்லை.

பேத்தி: .406 என்றால்?

தாத்தா: பத்து தடவை மட்டையைப் பிடித்தால் நாலு தடவை ஹிட். அதாவது, பந்தை அடித்துவிட்டு அவுட் ஆகாமல் பேஸுக்கு ஓடிச் சேர்வது.

பேத்தி: மீதி ஆறு தடவை அவுட்டா? கணக்கில் நான் 41 மார்க் வாங்கியபோது வீடே இரண்டாகும்படி கத்தினீர்களே!

தாத்தா: கணக்குப் பரீட்சையில் யாராவது உன் மேல் மணிக்குத் தொண்ணூறு மைல் வேகத்தில் பந்தை எறிகிறார்களா? இதைக் கேள். அதே 1941 சீசனின் கடைசி நாள், ஃபிலடெல்ஃபியா. அதுவரை அவர் சராசரி .39955. மூன்று இலக்கமாக்கினால் தானாகவே .400 ஆகிவிடும். 'இன்று நீ ஆட வேண்டாம்' என்கிறார் மேனேஜர் ஜோ குரோனின்.

பேத்தி: நானாக இருந்தால் வயிற்றுவலி என்று சொல்லிப் படுத்திருப்பேன்.

தாத்தா: தெரியும், பரீட்சைக்கு முந்தின நாள் பார்த்திருக்கிறேன். அவர் ஆடினார். ஒரே நாளில் இரண்டு ஆட்டம், எட்டுக்கு ஆறு ஹிட்!

பேத்தி: சரி, அவர் எத்தனை வேர்ல்ட் சீரிஸ் ஜெயித்தார்?

தாத்தா: (ஷூ லேஸைக் கட்டியபடி) இன்றைக்கு நல்ல காற்று, இல்லை?

பேத்தி: தாத்தா!

தாத்தா: ஒன்றும் இல்லை. அவர் காலத்தில் அந்த இறுதித் தொடருக்கு 1946-ல் ஒரே ஒரு தடவை போனோம். செயின்ட் லூயிஸிடம் ஏழாவது ஆட்டத்தில் தோற்றோம். அந்தத் தொடரில் இவர் சராசரி .200.

பேத்தி: பத்துக்கு ரெண்டு! அப்புறமும் வேறு டீமுக்குப் போகவில்லையா?

தாத்தா: கடைசி வரை ரெட் சாக்ஸ்தான். பத்தொன்பது சீசன். நடுவில் இரண்டாம் உலகப்போர், கொரியப்போர் என்று ஐந்து வருஷம் போய்விட்டது. போர் விமானி, கண்ணு! கொரியாவில் குண்டடி பட்ட விமானத்தைச் சக்கரம் இல்லாமலே தரையிறக்கினார். 1959-ல் சரியாக ஆடவில்லை என்று தன் சம்பளத்தைத் தானே குறைக்கச் சொன்னார்.

பேத்தி: அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள். என் பாக்கெட் மணிக்கு ஆபத்து.

தாத்தா: அவருடைய கடைசி ஆட்டம், 1960 செப்டம்பர் 28. இதே மைதானம். எனக்கு எட்டு வயசு. அப்பா கூட்டி வந்தார்.

பேத்தி: அன்றைக்கு இங்கே இருந்தேன் என்று பாஸ்டனில் எல்லாத் தாத்தாவும் சொல்கிறார்கள்.

தாத்தா: டிக்கெட் விற்றது 10,454. அவர்கள் எல்லாம் புளுகு. நான் நிஜமாகவே இருந்தேன். எட்டாவது இன்னிங்ஸ். எதிரே பந்து எறிபவர் பால்டிமோர் டீமின் ஜாக் ஃபிஷர். கடைசித் தடவையாக மட்டை பிடிக்கிறார். அடித்தார் பார், ஹோம் ரன், கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி! அவருடைய 521-ஆவது. கூட்டம் எழுந்து கத்துகிறது, தொப்பியைத் தூக்கி ஒரு வணக்கமாவது சொல்லுவார் என்று. ஊஹும்! தலையைக் குனிந்துகொண்டு ஓடி உள்ளே போய்விட்டார்.

பேத்தி: அவ்வளவு ரோஷமா? வாசல் சிலையில் தொப்பியைக் கழற்றி ஒரு பையன் தலையில் வைக்கிறாரே!

தாத்தா: குழந்தைகளுக்கு எதையும் கொடுப்பார். கூட்டத்துக்காகத் தொப்பியைத் தூக்க 1991 ஆயிற்று.

பேத்தி: பந்து எந்தப் பக்கம் போனது, தாத்தா? உயரமாகப் போனதா?

தாத்தா: உயரம் என்றால்... கூட்டம் அப்படிக் கத்தியது.

பேத்தி: நீங்கள் பார்த்தீர்களா, இல்லையா?

தாத்தா: (தொண்டையைக் கனைத்து) வரிசை ரொம்ப நீளம்.

பேத்தி: எந்த வரிசை?

தாத்தா: ஹாட் டாக் வரிசை.

பேத்தி: தாத்தா!

தாத்தா: எட்டு வயசுப் பையனுக்குப் பசிக்காதா? ஆனால் ஒன்பதாவது இன்னிங்ஸில் அவரை லெஃப்ட் ஃபீல்டில் ஃபீல்டிங் செய்ய அனுப்பிவிட்டு, மேனேஜர் உடனே வேறு ஆளை மாற்றினார். அவர் திரும்பி ஓடி வந்ததை முழுசாகப் பார்த்தேன். முதுகில் ஒன்பதாம் நம்பர்.

பேத்தி: சரி, உட்காருங்கள். எனக்கும் பசிக்கிறது, ஹாட் டாக் வாங்கி வருகிறேன்.

தாத்தா: இப்பவே போ. ஆட்டம் தொடங்கினால் உன்னை எழுந்திருக்க விடமாட்டேன்.