ஆமாம், பார்த்துத்தான் எடுத்தேன்

ஞாயிற்றுக்கிழமை நம்ம போட்டோக் குழுக் கூட்டத்தில், நம்ம பக்கத்து உழைப்பாளிகளை நான் எடுத்த படங்களை வைத்தபோது நடந்ததைப் பற்றி இன்பாக்ஸில் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். தனித்தனியாகப் பதில் எழுத நேரமில்லை, தையல் கடையில் முகூர்த்த வேலை குவிந்து கிடக்கிறது. எனவே இங்கேயே எழுதிவிடுகிறேன். யார் என்ன சொன்னார், யார் யார் சிரித்தார்கள் என்பது வந்திருந்தவர்களுக்குத் தெரியும். மைக்கைப் பிடித்து, "இது நெல்லைச் சரக்கா, பாரீஸ் ஜெராக்ஸா?" என்று கேட்ட அண்ணாச்சியின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. நீங்களும் பின்னூட்டத்தில் போடவேண்டாம். போட்டால் அழித்துவிடுவேன்.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். ஆமாம், பார்த்துத்தான் எடுத்தேன். அமெரிக்கப் போட்டோக்காரர் ஒருவரின் பெயரைப் போட்டு, 'இர்விங் பென் எடுத்த படங்களைப் பார்த்து' என்று ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் நானேதான் எழுதி ஒட்டியிருந்தேன். அண்ணாச்சி எதையும் துப்பறிந்து கண்டுபிடிக்கவில்லை. நான் எழுதிவைத்ததை வாசித்துவிட்டு, அதையே என்மேல் குற்றமாகத் திருப்பினார். அந்தச் சீட்டை ஒட்டாமல் விட்டிருந்தால் அந்த ஹாலில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? சால்வை போட்டு அனுப்பியிருப்பார்கள். உண்மையைச் சொன்னவளுக்கு ஜெராக்ஸ் பட்டம்.

பென் எனக்கு எப்படிக் கிடைத்தார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். காலேஜ் படிக்கிற ஒரு பிள்ளை கடைக்கு வந்து, போனில் ஒரு படத்தைக் காட்டி, "அக்கா, ஜாக்கெட்டுக்கு இந்தக் கை மாதிரி வைக்க முடியுமா?" என்று கேட்டாள். பாரீஸ் டிசைனர் பலென்சியாகா தைத்த கை. பாரீசில் 1950-ல் பென் எடுத்த படம். கண்ணில் முதலில் படுவது அந்தக் கைதான், அப்படி உப்பி நிற்கும். கைக்குழியில் எங்கே சுருக்கம் பிடித்திருக்கிறார்கள், துணி எந்த இடத்தில் திரும்புகிறது என்று பார்க்கத்தான் நான் பெரிதாக்கிப் பார்த்தேன். மடிப்பு ஒவ்வொன்றும் தெரிந்தது. நிழலுக்குள் இருந்த மடிப்பும் தெரிந்தது. இத்தனை வருஷம் துணியோடு பழகிய எனக்கு, துணியை இப்படியும் ஒரு ஆள் பார்க்க முடியுமா என்று இருந்தது. அன்று ராத்திரி கடையைப் பூட்டிய பிறகு அவருடைய படங்களைத் தேட ஆரம்பித்தவள்தான். இன்றுவரை நிறுத்தவில்லை.

தேடத் தேட எனக்கு ஒரு விஷயம் கிடைத்தது. அது தெரியாமல் என் படத் தொகுப்பைப் பற்றிப் பேசவே முடியாது. அண்ணாச்சி பேசினார். 1950-ல் அந்தப் பெரிய பெரிய டிசைனர்களின் உடைகளை எடுத்த அதே ஸ்டூடியோவுக்கு, அதே நாட்களில், பாரீஸ் தெருவில் வேலை செய்கிறவர்களையும் பென் வரவழைத்தார். வெள்ளரிக்காய் விற்கிறவர், கறிக்கடைப் பையன்கள், சாணை பிடிக்கிறவர். கையில் அவரவர் தொழில் சாமானோடு நிற்கிறார்கள். பின்னால் நாடகக் கொட்டகையில் கிடந்த ஒரு பழைய திரைச்சீலை. லட்சக்கணக்கில் விலைபோகும் கோட்டுக்கும் அதே திரை, சாணைக்காரருக்கும் அதே திரை. இரண்டு பேர்மேலும் அதே சன்னல் வெளிச்சம். அப்புறம் லண்டனிலும் நியூயார்க்கிலும் போய் அதையே தொடர்ந்து செய்தார்.

எனக்கு இதுதான் வேண்டியிருந்தது. நம்ம ஊரில் பனையேறுகிற ஆளைப் போட்டோ எடுக்கிற லட்சணம் என்ன? சாயங்காலச் சிவப்பு வானம், கறுப்பாக ஒரு பனை, அதில் கறுப்பாக ஒரு மனுஷன். முகம் கிடையாது. அந்த மாதிரிப் படங்களுக்குத்தான் போட்டிகளில் பரிசு கொடுக்கிறார்கள். அவருக்கு மூக்கு எப்படி இருக்கும், காது எப்படி இருக்கும், தளைநார் போட்டு ஏறி ஏறிக் காலில் காய்ப்பு எங்கே விழுந்திருக்கிறது என்று யார் எடுத்தார்கள்? திசையன்விளைப் பக்கம் ஒரு பெரியவரை இடுப்பில் அரிவாள்பெட்டி, கையில் பனையில் சாய்த்துவைத்து ஏறுகிற மிருக்குத்தடியோடு துணிக்கு முன்னால் நிறுத்தினேன். "பனையில் நிற்க வேண்டிய ஆளைத் துணிக்கு முன்னால் நிறுத்திவிட்டீர்கள், உயிர் இல்லை" என்கிறார் அண்ணாச்சி. அந்தப் பெரியவருடைய கண்ணைப் பார்த்தீர்களா அண்ணாச்சி? பார்த்துவிட்டுத்தான் உயிர் இல்லை என்றீர்களா?

அந்தப் பெரியவர் என்ன செய்தார் தெரியுமா? தொழிலுக்குப் போகிற கோலத்திலேயே வாங்க என்று சொல்லியிருந்தேன். "கொஞ்சம் பொறு தாயி" என்று வீட்டுக்குள் போய், சவரம் பண்ணி, வெள்ளை வேட்டி கட்டி, திருநீறு பூசி வந்து நின்றார். நியூயார்க்கில் பென்னுக்கும் இதேதான் நடந்திருக்கிறது. வேலை உடுப்போடு வாங்க என்று சொல்லியும் சில பேர் முகம் மழித்து நல்ல உடுப்பில் வந்தார்கள் என்று எழுதியிருக்கிறார். அதை வாசித்திருந்ததால் எனக்குச் சங்கடமே வரவில்லை. வெள்ளை வேட்டியில் ஒன்று எடுத்தேன், அப்புறம் அரிவாள்பெட்டியோடு ஒன்று. வெள்ளை வேட்டிப் படம் அவர் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறது. ஒரு பெரிய கலைஞனைப் படிப்பதில் இதுவும் சேர்த்தி. நமக்கு முன்னால் நிற்கிற மனுஷனிடம் எப்படி நடந்துகொள்வது என்பதும் அந்தப் படங்களோடு சேர்ந்து வருகிறது. ஜெராக்ஸ் மிஷினில் அது வராது.

"எல்லாம் சரி, சொந்தமாக ஒன்று யோசிக்கக்கூடாதா?" என்று ஒரு தம்பி மெசேஜ் போட்டிருந்தார். நல்ல எண்ணத்தில்தான் கேட்டார். தம்பி, என் கடைக்கு வருகிறவர்கள் ஒரு பழைய ஜாக்கெட்டை அளவுக்குக் கொடுத்துவிட்டுப் போவார்கள். அதை வைத்துத்தான் புதுத் துணியில் வெட்டுகிறேன். தைத்து முடித்ததும் அது புது ஜாக்கெட்தான். பழசின் நகல் என்று இதுவரை யாரும் கூலி கொடுக்காமல் போனதில்லை.

அப்படியே எடுத்து வைக்க முடியாது என்பதற்கு வெளிச்சத்தையே சொல்கிறேன். பென் வேலை செய்த ஸ்டூடியோவுக்கு வடக்கு வெளிச்சம். பாரீசில் நடுப்பகல் சூரியன் வருஷம் முழுக்கத் தெற்குப் பக்கமே நிற்கும். அதனால் வடக்குச் சன்னலில் வெயில் அடிக்காது, மெத்தென்று ஒரே சீரான வெளிச்சம் வரும். நமக்கு அப்படியா? சித்திரை பிறந்ததிலிருந்து ஆவணி பாதிவரை நடுப்பகல் சூரியன் நம்ம தலைக்கு வடக்கே போய்விடுகிறது. வைகாசியில் வடக்குப் பார்த்த தார்சாவில், அதாவது வீட்டு முன்தாழ்வாரத்தில், துணியைக் கட்டினால் சுள்ளென்று வெயில் வந்து விழுகிறது. தெற்கு வாசலுக்கு மாற வேண்டியதாயிற்று. எதிர்வீட்டுச் சுண்ணாம்புச் சுவரில் பட்டுத் திரும்புகிற வெளிச்சம் இருக்கிறதே, பத்தமடையில் பாய் நெய்கிற அக்காவின் முகத்தில் விழுந்திருப்பது அதுதான். அது பாரீசில் கிடைக்காது. திரையும் நாடகத் திரை இல்லை. கடையில் மிஞ்சிய காடாத் துணியைச் சாம்பல் கலர்ச் சாயத்தில் முக்கி, பிழியாமல் திட்டுத் திட்டாகக் காயப்போட்டது. இதையெல்லாம் எந்தப் பாரீஸ்காரர் வந்து எனக்குச் சொல்லிக்கொடுத்தார்?

சரி, பெரியவர்கள் மட்டும் யாரையும் பார்க்காமலா எடுத்தார்கள்? பென்னுக்கு அரை நூற்றாண்டு முன்பே அட்ஜே என்ற போட்டோக்காரர் பாரீஸ் தெரு வியாபாரிகளை எடுத்துவைத்துவிட்டார். அமெரிக்க ஃபேஷன் போட்டோக்காரர் ரிச்சர்ட் அவெடான் சின்னப் பையனாக இருந்தபோது மார்ட்டின் முன்காச்சி எடுத்த படங்களைப் பத்திரிகையிலிருந்து வெட்டிச் சுவரில் ஒட்டியிருந்தவர். முன்காச்சி விளையாட்டுப் படங்கள் எடுத்துப் பழகியவர். 1933-ல் ஒரு மாடலைக் கடற்கரையில் ஓடவிட்டு எடுத்தார். அதுவரை பொம்மை மாதிரி நின்றுகொண்டிருந்த ஃபேஷன் படம் அதற்குப் பிறகு ஓட ஆரம்பித்தது. அவெடானுடைய பெண்கள் துள்ளுவதும் குதிப்பதும் எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறீர்கள்? பிரெஞ்சுப் போட்டோக்காரர் ஹென்றி கார்ட்டியே ப்ரெஸ்ஸோனைக் கேமராவின் பக்கம் தள்ளியதும் இதே முன்காச்சியின் ஒரு படம்தான். தண்ணீரை நோக்கி ஓடுகிற மூன்று ஆப்பிரிக்கப் பையன்கள். நம்ம பக்கத்துக்கு வந்தால் ராஜா ரவிவர்மா. திருவனந்தபுரம் அரண்மனையில் தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர் படம் வரையும்போது கூட நின்று பார்த்து எண்ணெய் வண்ணம் கற்றவர். 2020-ல் போட்டோக்காரர் ஜி. வெங்கட்ராம் அந்த ரவிவர்மா ஓவியங்களையே நடிகைகளை வைத்துத் திரும்ப எடுத்து நாட்காட்டியாகப் போட்டாரே, அதை நம்ம குழுவில் எத்தனை பேர் ஹார்ட்டின் போட்டுப் பகிர்ந்தீர்கள்? நானும்தான் பகிர்ந்தேன், அருமையான வேலை. அன்று யாருக்கும் ஜெராக்ஸ் ஞாபகம் வரவில்லை.

அவெடானிடம் எடுத்துக்கொண்டதையும் சொல்லிவிடுகிறேன், நாளைக்கு அதையும் ஒருவர் கண்டுபிடித்ததாகச் சொல்ல வேண்டாம். 1979 முதல் 1984 வரை அமெரிக்காவின் மேற்குப் பக்கம் சுற்றி, சுரங்கத் தொழிலாளிகளையும் ஊர் ஊராக அலைகிறவர்களையும் வெள்ளைக் காகிதத்துக்கு முன்னால், வெளியில் நிழலில் நிறுத்தி எடுத்தார். பெரிய கேமரா. அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்ளாமல், பக்கத்தில் நின்று ஆளைப் பார்த்துக்கொண்டே எடுப்பார். நானும் ஸ்டாண்டு போட்டு, ரிமோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்கிறேன். முக்கூடலில் பீடி சுற்றுகிற ஆச்சி மடியில் தட்டை வைத்துக்கொண்டு என்னிடம் பேசிக்கொண்டே இருந்தார். "ஏளா, எப்பம் எடுப்ப?" என்று அவர் கேட்டபோது படம் எடுத்தாகிவிட்டது.

"உழைக்கிற ஜனங்களை வைத்து நீ பெயர் வாங்குகிறாய்" என்றும் ஒரு பேச்சு. அவெடானையும் இப்படிச் சொன்னார்கள். நியூயார்க் ஃபேஷன்காரர் வந்து ஏழைகளைக் காட்சிப்பொருள் ஆக்கிவிட்டார் என்று. அவர் விஷயத்தில் அந்தக் கேள்விக்கு இடம் இருக்கலாம். என்னிடம் அதைக் கேட்காதீர்கள். நான் வேறு ஊரிலிருந்து வரவில்லை. அந்த ஆச்சியின் மகளுக்குக் கல்யாண ஜாக்கெட் தைத்தவள் நான். நானும் கால் கடுக்க மிஷின் மிதித்துச் சாப்பிடுகிறவள்தான்.

காப்பிரைட் பற்றி ஒருவர் சட்டம் பேசினார். வெள்ளரிக்காய் விற்கிறவரின் படத்துக்கு உரிமை இருக்கிறது. மனுஷனைத் துணிக்கு முன்னால் நிறுத்துவதற்கு யாருக்கும் உரிமைப் பத்திரம் கிடையாது. அதோடு முடிந்தது.

"வெள்ளைக்காரனைத்தான் பார்க்க வேண்டுமா, நம்ம ஆட்கள் இல்லையா?" இருக்கிறார்கள். புதுவை இளவேனில் எடுத்த எழுத்தாளர் கி.ரா.வின் படங்களைப் பார்த்துப் பார்த்துத்தான் வயதான முகத்தின் சுருக்கத்துக்குப் பயப்படாமல் கிட்டே போகக் கற்றுக்கொண்டேன். கிருஷ்ணாபுரம் கோயில் தூண்களில் நிற்கிறார்களே குறவனும் குறத்தியும், இடுப்பு எங்கே ஒடிகிறது, பாரம் எந்தக் காலில் இருக்கிறது என்று மணிக்கணக்கில் பார்த்திருக்கிறேன். இதையெல்லாம் சொன்னால் "மண்ணின் கலைஞர்" என்று பாராட்டுவீர்கள். பென் பெயரைச் சொன்னால் மட்டும் ஏன் முகம் மாறுகிறது?

காரணம் எனக்குத் தெரியும். அண்ணாச்சி கேட்டு முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "தையல்காரிக்குப் பாரீஸ் எதுக்கு?" சிரித்தார்கள். எனக்கு ஜெராக்ஸ் என்றது வலிக்கவில்லை, இது வலித்தது. இதே கேள்வியை அந்த ஹாலில் இருந்த எந்த டாக்டரிடமாவது, எஞ்சினியரிடமாவது கேட்டிருப்பார்களா? அவர்கள் வெளிநாட்டுப் பெயர் ஒன்றைச் சொன்னால் ரசனை. நான் சொன்னால் ஆசைக்கு மிஞ்சிய பேச்சு. கல்யாண ஆர்டர்களில் அதே குடை, அதே புகை, அதே பின்னாலிருந்து கட்டிப்பிடிக்கிற போஸ் என்று எங்கேயோ பார்த்ததை வாரம் தவறாமல் எடுத்துத் தருகிறவர்கள் சிரித்தார்கள். அது பிழைப்பு, அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் ஒரு இடத்திலாவது யாரைப் பார்த்து எடுத்தோம் என்று எழுதியிருக்கிறீர்களா? நான் எழுதினேன். அதற்குத்தான் அன்று எல்லாருக்கும் முன்னால் நிற்கவைத்துக் கேட்டீர்கள்.

துணியை நான் பார்க்கிற மாதிரி பார்த்த ஒரு மனுஷன் எங்கோ ஒரு தேசத்தில் இருந்திருக்கிறார். கறிக்கடைப் பையனின் ஏப்ரனையும் பலென்சியாகாவின் கையையும் ஒரே மரியாதையோடு பார்த்திருக்கிறார். அவரைப் பிடிக்காமல் எப்படி இருக்கும் எனக்கு? அவருக்கு நான் யாரென்று தெரியாது, 2009-லேயே போய்விட்டார். அதனால் என்ன?

அடுத்ததையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். குலசேகரன்பட்டினம் தசராவுக்கு வேஷம் கட்டுகிறவர்களை எடுக்கப் போகிறேன். மாலி நாட்டில் பமாக்கோ நகரத்தில் சேடூ கெய்டா என்று ஒருவர் இருந்தார். தச்சு வேலை கற்றவர், போட்டோ தானாகப் பழகினது. வீட்டு முற்றத்தில், வெயில் வெளிச்சத்தில், தன்னுடைய படுக்கை விரிப்பையே பின்னால் தொங்கவிட்டு ஊர் ஜனங்களை எடுத்தார். பூப்போட்ட விரிப்புக்கு முன்னால் பூப்போட்ட உடுப்பு, இரண்டும் ஒன்றோடு ஒன்று மோதாமல் அப்படிப் பொருந்தி நிற்கும். எனக்குப் பின்னால் கட்ட பத்தமடைக் கோரைப்பாய் இருக்கிறது. காளி வேஷத்துச் சிவப்புக்கும் பாயின் வரிக்கும் எப்படி அமைகிறது என்று பார்க்க வேண்டும். கீழே 'சேடூ கெய்டாவைப் பார்த்து' என்று கொட்டை எழுத்தில் இருக்கும்.

தசரா சமயத்தில் சூரியன் தெற்கே போயிருக்கும், வடக்கு வெளிச்சம் நன்றாகக் கிடைக்கும். குலசேகரன்பட்டினம், உடன்குடிப் பக்கம் யார் வீட்டிலாவது வடக்குப் பார்த்த திண்ணை இருந்து, இரண்டு நாள் தர முடியுமென்றால் இன்பாக்ஸில் சொல்லுங்கள். வேஷக்காரர்களுக்குச் சாப்பாடு என் பொறுப்பு, விரதச் சாப்பாடாகவே போடுகிறேன். படமும் பிரிண்டு போட்டுக் கொடுத்துவிடுவேன்.