ஒற்றைக் காலில் நிற்பதும் கால்பந்துப் பயிற்சிதான்

நான் நடத்தும் கால்பந்துப் பயிற்சியில் ஒரு பெண் ஒற்றைக் காலில் நின்று தடுமாறும் அந்தக் காணொளியை எல்லாரும் பார்த்துவிட்டீர்கள். கீழே சிரித்துவைத்தவர்களில் பலர் என் நட்பில் இருப்பவர்கள். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது. "பந்து விளையாட அனுப்பினால் பிள்ளைகளைக் கொக்கு மாதிரி நிற்க வைக்கிறார்கள்" என்று ஒருவர் எழுதப்போக, ஆளாளுக்கு ஆரம்பித்துவிட்டீர்கள்.

ஒற்றைக் காலில் நிற்பதும் கால்பந்துப் பயிற்சிதான். கடைசி வரைக்கும் இதைத்தான் சொல்லப்போகிறேன்.

பந்தை உதைக்கும்போது ஒரு பிள்ளை எத்தனை காலில் நிற்கிறது? ஒரு காலில். பாஸ் கொடுக்கும்போதும் ஒரு கால்தான், வருகிற பந்தை நிறுத்தும்போதும் ஒரு கால்தான். ஓடிக்கொண்டே சட்டென்று திரும்பும்போது மொத்த எடையும் ஒரே காலில்தான் இறங்குகிறது. நம் கண் உதைக்கிற காலையே பார்க்கிறது. ஊன்றிய கால் ஆடினால் உதையும் கோணலாகத்தான் போகும். ஆடுவதோடு நிற்காமல் மடங்கியது என்றால், அப்புறம் உதையே கிடையாது, ஐஸ் கட்டிதான்.

கண்ணை மூடிக்கொண்டு விரலால் மூக்கைத் தொடுகிறோம், தவறுவதில்லை. கை எங்கே இருக்கிறது, எவ்வளவு மடங்கியிருக்கிறது என்பதைத் தசையிலும், தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணிலும், மூட்டைச் சுற்றியும் இருக்கிற நரம்பு முனைகள் மூளைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. ஃபிசியோக்கள் இதை ப்ரோப்ரியோசெப்ஷன் என்பார்கள். ஆட்டத்தில் பிள்ளையின் கண் பந்து மேலேயும் எதிராளி மேலேயும் இருக்கும், தன் கணுக்காலைப் பார்க்க நேரம் கிடையாது. பள்ளத்தில் கால் வைத்தால் கணுக்கால் தானாகவே சுதாரித்துக்கொள்ள வேண்டும். கண்ணை மூடி நிற்கச் சொல்வது அதற்காகத்தான். பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் பாதத்தைப் பாருங்கள். கால்விரல்கள் தரையைப் பிடிக்கும், விடும். வெளிக் கணுக்கால் எலும்புக்குப் பின்னால் ஒரு தசைநாண் விடாமல் துடிக்கும். அந்தத் துடிப்புதான் பயிற்சி. அந்தக் குழந்தை தடுமாறியதைப் பார்த்துச் சிரித்தீர்களே, தடுமாறித் தடுமாறித்தான் கால் கற்றுக்கொள்கிறது. ஆடாமல் அசையாமல் நிற்க முடிகிறவருக்கு அந்த நிலையில் கற்க என்ன இருக்கிறது?

"அந்தக் காலத்து ஆட்டக்காரர்கள் எல்லாம் இதைச் செய்தார்களா?" என்று கேட்கிறீர்கள். நான் அந்தக் காலத்து ஆள்தான். பதினைந்து வயதில் எனக்குக் கணுக்கால் பிசகியது. ஸ்ப்ரே அடித்து, துணியைச் சுற்றி, "ஒன்றும் இல்லை, போய் ஆடு" என்றார்கள். வீக்கம் வடிந்தது, வலியும் போனது, ஆடினேன். மறுபடி அதே கால். அதற்கப்புறமும் அதே கால்தான். மூட்டில் எலும்புகளைச் சேர்த்துப் பிடிக்கும் தசைநார் கிழியும்போது, கால் எங்கே இருக்கிறது என்ற அந்த உணர்வும் சேர்ந்து அடிபடுகிறது என்றோ, வலி போனதும் அது தானாகத் திரும்பிவிடாது என்றோ எனக்கு யாரும் சொல்லவில்லை. இன்றைக்கும் மேடுபள்ளமான இடத்தில் தரையைப் பார்த்துப் பார்த்துத்தான் நடக்கிறேன். என்னோடு ஆடியவர்களில் நன்றாக ஆடிய சிலர் முட்டி போய் இருபது வயதுக்குள் ஒதுங்கிவிட்டார்கள். "அந்தக் காலத்து ஆட்டக்காரர்கள்" என்று நீங்கள் சொல்லும்போது தப்பித்தவர்களை மட்டும்தான் எண்ணுகிறீர்கள்.

இது நானாகக் கண்டுபிடித்த வித்தையும் இல்லை. உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா காயத்தைத் தடுக்கக் கொண்டுவந்த "11+" என்ற வார்ம் அப்பில் ஒற்றைக் காலில் நிற்பது ஒரு பயிற்சி, ஒவ்வொரு காலுக்கும் 30 விநாடி, இரண்டு முறை. மொத்த வார்ம் அப்பும் 20 நிமிடம்தான். நார்வேயில் 125 கிளப்புகளில் 13 முதல் 17 வயது வரையிலான பெண்களிடம் அதைச் சோதித்து 2008இல் முடிவை வெளியிட்டார்கள். அதைச் செய்தவர்களுக்கு மொத்தக் காயங்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு, கடுமையான காயங்கள் கிட்டத்தட்டப் பாதிதான். அதில் ஓட்டம், குதிப்பு, தொடைப் பயிற்சி எல்லாம் இருக்கிறதே என்பீர்கள். சரி, இருக்கிறது. பேலன்ஸ் பயிற்சியை மட்டும் எடுத்துக்கொண்டாலும், அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளிக் கால்பந்து, கூடைப்பந்து வீரர்கள் 765 பேரிடம் செய்த ஆய்வு 2006இல் வந்தது. கணுக்கால் சுளுக்கு 38 சதவீதம் குறைந்தது. எனக்கு இது போதும்.

"அந்த நேரத்தில் பந்தோடு ஆடலாமே" என்ற கேள்வி நியாயமானது. அதனால்தான் இரண்டு பேரை எதிரெதிரே ஒற்றைக் காலில் நிற்கவைத்து, பந்தைக் கையால் தூக்கிப்போட்டுப் பிடிக்கச் சொல்கிறேன். காணொளியில் அந்தப் பகுதி இல்லை, வெட்டிவிட்டார்கள். இதனால் பந்தைக் காலால் தட்டிக்கொண்டே ஓடும் டிரிப்ளிங் வந்துவிடாது, கோல் கூடிவிடாது. அப்படி நான் யாரிடமும் சொன்னதே இல்லை. பிள்ளை அடுத்த சீசனும் காலோடு வந்து நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

நான் வாங்கும் ஃபீஸைப் பற்றிக் கீழே நடக்கிற பேச்சுக்கு நான் பதில் சொல்வதாக இல்லை.

ஆனால் ஒன்று மனதை உறுத்துகிறது. காணொளியில் இருக்கும் அந்தப் பெண் இந்த வருடம்தான் மளமளவென்று வளர்ந்திருக்கிறாள். எலும்பு நீளும் வேகத்துக்கு உடம்பின் கணக்கு சற்றுப் பின்தங்கும். போன வருடம் சுலபமாகச் செய்த ஒன்று இப்போது கைகூடாது. அவளே அதில் நொந்துபோயிருந்தாள். முட்டிக்குள் இருக்கும் ஏசிஎல் என்ற தசைநார் கிழிவது வளரிளம் பெண்களுக்குப் பையன்களைவிட அதிகம். அவளுக்குத்தான் இந்தப் பயிற்சி எல்லாரையும்விட முக்கியம். முன்பெல்லாம் விழுந்தால் அவளே சிரித்துக்கொண்டு மறுபடி காலைத் தூக்குவாள். இப்போது பயிற்சிக்கு வருவதில்லை. "எல்லாரும் பார்த்துட்டாங்க சார்" என்றாள். அதற்கு நான் என்ன சொல்ல முடியும்? என்னைத் திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு போயிருப்பேன். நீங்கள் சிரித்தது அவளைப் பார்த்து.

காணொளியைப் போட்டவர் இதையும் படிப்பார் என்று தெரியும். தயவுசெய்து எடுத்துவிடுங்கள். அவள் முகம் தெளிவாகத் தெரிகிறது, அவளிடமோ வீட்டிலோ யாரும் கேட்கவில்லை. பகிர்ந்தவர்களும் நீக்கிவிடுங்கள். பயிற்சியைப் பற்றி எவ்வளவு கடுமையாகக் கேட்டாலும் கீழே பதில் சொல்கிறேன். அந்தக் குழந்தையைப் பற்றி ஒரு வரி வந்தாலும் நீக்கிவிடுவேன்.