செவ்வாய்க்குக் கிருமி கொண்டுபோகத் தடையே இல்லையா?

"செவ்வாய்க்கு அனுப்பும் கலங்களை யாரும் சுத்தம் செய்வதில்லை, அதற்குச் சட்டமும் கிடையாது" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றி வருகிறது. இது தவறு.

1967-ஆம் ஆண்டின் விண்வெளி ஒப்பந்தத்தில் 9-ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். பிற கோள்களை மாசுபடுத்தக் கூடாது, அங்கிருந்து வரும் பொருளால் பூமிக்கும் தீங்கு நேரக் கூடாது என்று அது சொல்கிறது. ஐ.நா. விண்வெளி விவகார அலுவலகத்தின் இணையதளத்தில் முழு வாசகமும் இருக்கிறது. தனியார் நிறுவனம் அனுப்பினாலும் பொறுப்பு அந்த நாட்டுக்குத்தான். அது 6-ஆவது பிரிவு.

எவ்வளவு சுத்தம் என்பதை காஸ்பார் என்ற சர்வதேச அறிவியல் குழு வகுத்திருக்கிறது. அதன் நெறிமுறை சட்டம் அல்ல என்பது உண்மைதான். ஆனால் நாசா போன்ற அமைப்புகள் அதை ஒட்டியே வேலை செய்கின்றன. 1976-இல் செவ்வாயில் இறங்கிய வைக்கிங் கலங்களை, கிளம்பும் முன்பே உறைக்குள் மூடி, 110 டிகிரி செல்சியஸுக்கு மேல் பல மணி நேரம் சூடேற்றினார்கள். உள்ளே நுட்பமான மின்னணுக் கருவிகள். அத்தனையும் அந்தச் சூட்டைத் தாங்கும்படி செய்ய வேண்டியிருந்தது. எவ்வளவு பெரிய உழைப்பு!

அப்புறம் நாசாவின் கலிலியோ விண்கலம். வியாழனின் நிலவான யூரோப்பாவில் தப்பித்தவறி மோதி, பூமியின் கிருமிகளைக் கொண்டுசேர்த்துவிடக் கூடாது என்றே 2003-இல் அதை வியாழனுக்குள் விழச் செய்தார்கள்.

அந்தச் செய்தி உங்களுக்கு வந்தால் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள். அனுப்பியவருக்கு இந்த விளக்கத்தைக் கொடுங்கள்.